மட்டம் குறையாத டாங்க்

டீசல் டாங்க் கசிகிறது என்று வாயைத் திறந்து சொன்ன நாளிலிருந்துதான் கோல்காரருக்குக் கெட்ட நேரம் தொடங்கியது. சொல்லாமல் இருந்தவரை டாங்க் பாட்டுக்குக் கசிந்துகொண்டிருந்தது, அவர் பாட்டுக்கு நிம்மதியாக இருந்தார்.

அவர் போக்குவரத்து வாரியத்தின் பேருந்து டிப்போவில் டீசல் பகுதியில் வேலை பார்த்தார். டிப்போவின் தரைக்கடியில் பெரிய இரும்பு டாங்க் ஒன்று புதைந்து கிடந்தது. தினமும் காலையில் முதல் பேருந்துக்கு டீசல் அடிப்பதற்கு முன்னால் அதன் மூடியைத் திறந்து, நீளமான பித்தளை அளவுகோலை உள்ளே இறக்குவார். அடியைத் தட்டியதும் வெளியே எடுத்து, எந்தக் கோடு வரை நனைந்திருக்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். கோலின் நுனியில் ஒரு பசையும் தடவுவதுண்டு. தண்ணீர் பட்டால் அந்தப் பசை சிவந்துவிடும், டீசல் பட்டால் மாறாது. டாங்கின் அடியில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிப்பார்கள். மாலையில் பேருந்துகள் அடங்கியதும் மறுபடியும் ஓர் அளவு. இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. மேலாளரிலிருந்து தரை பெருக்குகிறவர் வரை எல்லோரும் அவருடைய பெயரை மறந்துபோய், கோல்காரர் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள்.

டிப்போவின் பின்சுவரை ஒட்டினாற்போல அவருடைய அக்கா வீடு. ஒரு கிணறு, ஒரு மோட்டார், இரண்டு சிமெண்டுத் தொட்டிகள், முற்றம் நிறையக் கொடிக்கயிறு. மருத்துவமனையின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுப்பது அக்காவின் தொழில். புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் அடுத்தவர் அழுக்கை அலசித்தான் அக்கா தம்பியைப் படிக்கவைத்தாள், ஆளாக்கினாள். இன்றைக்கும் கோல்காரருக்கு மத்தியானச் சாப்பாடு அவள் கையால்தான்.

ஒருநாள் அக்கா தட்டை வைத்துவிட்டு, துவைத்த விரிப்பு ஒன்றை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"மோந்து பாரு."

மோந்து பார்த்தார். அவர் சட்டையில் நாள் முழுக்க வீசுகிற அதே வாடைதான் என்பதால் முதலில் ஒன்றும் விளங்கவில்லை.

"என்ன, பழக்கமான வாசனையா இருக்கா? இது உன் சட்டை இல்ல தம்பி, ஆஸ்பத்திரி விரிப்பு. மூணு தடவை அலசிட்டேன். போக மாட்டேங்குது."

அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்று வாரமாகவே மாலையில் அளந்த மட்டம் காலையில் இரண்டு கோடு இறங்கிக் கிடந்தது. டீசல் குளிரில் சுருங்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தார். சுருங்குகிற டீசல் சுவர் தாண்டி அக்காவின் கிணற்றுக்கு வராது என்பது இப்போது உறைத்தது. பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார்.

டிப்போ மேலாளர் கெட்டவர் இல்லை. பயந்தவர். விஷயத்தைக் கேட்டதும் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"கசிவுன்னு மட்டும் எழுதிடாதீங்க. 'மாலை அளவுக்கும் காலை அளவுக்கும் இடையே சிறு கருத்து வேறுபாடு நிலவுகிறது'ன்னு எழுதுங்க."

கோல்காரர் அப்படியே எழுதினார். ஆனால் கடைசியில் மனசு கேட்காமல், 'டாங்க் கசிகிறது' என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். அந்த ஒரு வரி தலைமை அலுவலகத்தில் போய் வெடித்தது. எரிபொருள் கசிவு என்றால் அங்கீகாரம் பெற்ற சுற்றுச்சூழல் ஆலோசகர் ஒருவரை அமர்த்தி, அவர் சொல்கிறபடிதான் எதையும் செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறதாம். விதி இருந்தால் குழு இருக்க வேண்டும். 'சுற்றுச்சூழல் ஆலோசகர் தேர்வுக் குழு' என்று ஒன்று பத்தே நாளில் பிறந்துவிட்டது. வாரியத்தின் வரலாற்றில் இத்தனை வேகமாக எதுவும் நடந்ததில்லை என்று மேலாளர் பூரித்துப்போனார்.

குழுவின் தலைவர், பயணச்சீட்டு அச்சடிக்கும் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர். அடுத்தவர், பேருந்து இருக்கைகளுக்குத் துணி தேர்ந்தெடுக்கும் பிரிவின் தலைவர். போன முறை பச்சை நிறத்தைத் தேர்ந்தெடுத்திருந்ததால் அவருக்குச் சுற்றுச்சூழல் அனுபவம் இருப்பதாகக் கணக்கு. மூன்றாமவர் சட்ட அதிகாரி அம்மாள். கோப்பைத் திறக்காமலேயே அதற்குள் என்ன ஆபத்து இருக்கிறது என்று சொல்லக்கூடியவர் என்று அவருக்குப் பெயர். கோல்காரருக்கும் கடைசி நாற்காலி ஒன்று போட்டார்கள். அன்றைய மட்டத்தை வாசிக்கலாம், வாக்களிக்கக் கூடாது.

முதல் கூட்டத்தில் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"நம்ம வாரியத்துல அவசரப்பட்டு யாரும் ஒரு காரியத்தைச் சரியா செஞ்சதா சரித்திரமே இல்லை. முறைப்படி தப்பு செஞ்சவங்க எல்லாரும் பதவி உயர்வோடதான் ஓய்வு பெற்றிருக்காங்க. அதுக்கு நானே உதாரணம். அந்தப் பாதையிலதான் நாம நடக்கணும்."

எல்லோரும் கை தட்டினார்கள். கோல்காரரும் தட்டினார். தட்டிவிட்டு, முதல் வேலையாக டாங்கைக் காலி செய்துவிட்டால் கசிவு நின்றுவிடுமே, ஆலோசகரை அப்புறம் மெதுவாகத் தேடிக்கொள்ளலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். தம் பேச்சுக்கு நடுவில் யாரோ கொட்டாவி விட்டதுபோல தலைவர் அவரைப் பார்த்தார். பதில் சட்ட அதிகாரியிடமிருந்து வந்தது.

"ஆலோசகர் வேணும்னு கொடுத்த விளம்பரத்துல என்ன போட்டிருக்கோம்? டாங்க்ல இன்றைய மட்டம் நூத்து நாப்பத்திரண்டு. அதைப் பார்த்துத்தான் ஆலோசகருங்க விண்ணப்பிப்பாங்க. நாளைக்கு டாங்க் காலியா இருந்தா, விளம்பரத்துல சொன்ன டாங்க் வேற, இங்க இருக்கற டாங்க் வேற. ஒருத்தர் கோர்ட்டுக்குப் போனா மொத்தத் தேர்வும் ரத்து. அதனால நியமனம் முடியற வரைக்கும் மட்டம் நூத்து நாப்பத்திரண்டுலயே இருக்கணும்."

"அது தானா இறங்குதே அம்மா."

"இறங்கினா ஊத்துங்க."

"கசியுதுன்னு தெரிஞ்சே எப்படிம்மா ஊத்தறது?"

"கசியுதுன்னு யார் சொன்னது? அதைச் சொல்றதுக்குத்தானே ஆலோசகரை எடுக்கறோம்."

அன்றைக்கே 'மட்டம் பேணும் ஆணை' வந்துவிட்டது. பேருந்துகள் டீசல் அடித்தாலும் மட்டம் இறங்கும் அல்லவா? எனவே எல்லாப் பேருந்தும் பக்கத்து டிப்போவில் அடித்துக்கொள்ள வேண்டும். இந்த டாங்கில் தினமும் காலையில் எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவையும் ஊற்றி, மட்டத்தைக் கொண்டுவந்த பிறகே அளந்து பதிவேட்டில் எழுத வேண்டும். ஊற்றிய அளவைத் தனியாக ஒரு 'பேணுதல் பதிவேட்டில்' குறிக்க வேண்டும். அது குழுவின் ரகசிய ஆவணம். இவ்வளவும் ஒரே பக்கத்தில் அடங்கியிருந்தது. கீழே நான்கு கையெழுத்து.

டீசல் லாரிக்காரர் முதல் வாரம் பேசாமல் ஊற்றிவிட்டுப் போனார். இரண்டாவது வாரம் அவருக்குத் தாங்கவில்லை.

"அண்ணே, ஒரு பஸ்ஸும் இங்க அடிக்கறதில்ல. பின்ன யாருக்குண்ணே தினமும் ஊத்தறோம்?"

கோல்காரர் தரையைப் பார்த்தார். லாரிக்காரரும் தரையைப் பார்த்தார். அப்புறம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை.

அக்காவிடம் மறைக்க முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் லாரி வந்து நிற்பதும் குழாய் போடுவதும் அவளுக்கே கேட்கும். அவள் கைகளில் முழங்கை வரை தோல் சிவந்து வெடித்திருந்தது. ஒருநாள் தட்டு வைக்கும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அந்தப் பக்கம் நீ ஊத்தற. இந்தப் பக்கம் நான் இறைக்கறேன். நல்லா இருக்குடா நம்ம குடும்பத் தொழில்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் லாரியைத் திருப்பி அனுப்பிவிட்டார். மத்தியானத்துக்குள் மேலாளர் வியர்த்துப்போய் ஓடிவந்தார். மட்டம் ஒருநாள் குறைந்தாலும் தேர்வு ரத்தாகி எல்லாம் முதல் படியிலிருந்து தொடங்குமாம். உங்கள் அக்காவுக்கு நல்லது நினைக்கிறவராக இருந்தால் பேசாமல் ஊற்றுங்கள் என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். சீக்கிரம் ஆலோசகர் வந்தால் சீக்கிரம் விடியும். அந்த ஒரு நினைப்பில் கோல்காரர் அன்றைக்கே லாரியைத் திரும்பக் கூப்பிட்டு ஊற்றத் தொடங்கினார். அதற்கப்புறம் ஒருநாளும் தவறவில்லை.

குழு விண்ணப்பங்களுக்கு மதிப்பெண் போடத் தொடங்கியது. அறிக்கையின் அட்டைக்குப் பதினைந்து, வரைபடங்களின் வண்ணத்துக்குப் பத்து, அலுவலகம் எத்தனை நாடுகளில் இருக்கிறது என்பதற்கு இருபது, விண்ணப்பத்தின் எடைக்கு ஐந்து. இருக்கைத் துணி அதிகாரி தாளைத் தடவிப் பார்த்தே மதிப்பெண் சொன்னார். கசிந்த டாங்குகளைச் சுத்தம் செய்த அனுபவத்துக்கு எத்தனை என்று கோல்காரர் கேட்டுவைத்தார். அப்படி அனுபவம் இருக்கிறவர்கள் டாங்க் என்றாலே கசியும் என்ற முன்முடிவோடு வருவார்கள், அதனால் அவர்களுக்குக் கழித்தல் உண்டு என்றார் சட்ட அதிகாரி. தலைவர் அதைக் குறிப்பேட்டில் சிவப்பு மையால் எழுதிக்கொண்டார்.

பதினொரு நிறுவனங்கள் நேர்காணலுக்கு வந்தன. பத்துப் பேர் திரையில் படம் காட்டினார்கள். சிரிக்கும் குழந்தைகள், பறக்கும் பறவைகள், உருண்டையாகப் பூமி. டாங்க் ஒரு படத்திலும் இல்லை. பதினொன்றாவதாக வந்த பொறியாளர் தலை நரைத்தவர். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கையில் படம் எதுவும் இல்லை.

"பேசறதுக்கு முன்னாடி டாங்கை ஒருதடவை பார்த்துட்டு வந்துடலாமா? பக்கத்துல கிணறு ஏதாவது இருக்கா?"

கோல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டு மாதத்தில் கிணறு என்ற வார்த்தையைக் கேட்ட முதல் ஆள் இவர்தான். இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். சட்ட அதிகாரி பேனாவால் மேசையைத் தட்டினார். நியமனத்துக்கு முன் இடத்தைப் பார்ப்பது மற்ற பத்துப் பேருக்கும் கிடைக்காத அனுகூலம், கேட்டதே குற்றம் என்று சொல்லி அந்த இடத்திலேயே பொறியாளரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். அவர் கோபப்படவில்லை. பூட்ஸ் சத்தம் கேட்க வெளியே நடந்துபோனார். அவர் மிதித்த இடத்தில் மண் ஒட்டியிருக்கிறது என்று இருக்கைத் துணி அதிகாரி ஆள் விட்டுத் துடைக்கச் சொன்னார்.

அதற்குள் மருத்துவமனையிலிருந்து ஆள் வந்து, துவைத்தது துவைக்காதது எல்லாவற்றையும் மூட்டை கட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். நோயாளிகள் மூச்சு முட்டுகிறது என்கிறார்களாம், இனிமேல் அனுப்பமாட்டார்களாம். அக்காவின் தொட்டிகள் காய்ந்தன. கொடிக்கயிற்றில் அவளுடைய புடவை ஒன்று மட்டும் தொங்கியது. அதையும் தெருக்கோடிக் குழாயில் பிடித்து வந்த தண்ணீரில்தான் துவைத்திருந்தாள்.

பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்று விதியில் இருந்ததால் அதையும் வைத்தார்கள். அக்கா ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு தலைமை அலுவலகத்துக்குப் போனாள். வாசல் காவலர் பாட்டிலைத் திறந்து மோந்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"எரிபொருள் உள்ள கொண்டுபோகக் கூடாதும்மா."

"இது தண்ணிப்பா. என் வீட்டுக் கிணத்துத் தண்ணி."

"இதுவா தண்ணி? தீப்பிடிச்சா நீங்களா பதில் சொல்வீங்க?"

காவலர் 'டீசல், பாட்டில் ஒன்று' என்று வாசல் பதிவேட்டில் எழுதி, பாட்டிலை மணல் வாளியில் புதைத்து வைத்தார். அக்கா வெறுங்கையோடு மாடி ஏறினாள். கிணற்றில் எரிபொருள் இருப்பதற்கு ஆதாரம் என்ன என்று சட்ட அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்.

"கொண்டுவந்தேன். வாசல்ல பிடுங்கி வச்சுக்கிட்டாங்க."

"அப்போ ஆதாரம் தாக்கல் செய்யப்படலைன்னு குறிச்சுக்கறேன்."

வாசல் பதிவேட்டிலேயே டீசல் என்று எழுதியிருக்கிறது, ஆளனுப்பிப் பாருங்கள் என்று கோல்காரர் கடைசி நாற்காலியிலிருந்து மன்றாடினார். அது பாதுகாப்புப் பிரிவின் பதிவேடு, நமக்கு அதில் மூக்கை நுழைக்க அதிகாரம் இல்லை என்று தலைவர் வருத்தத்தோடு தெரிவித்தார். அக்கா யாருக்கும் வணக்கம் சொல்லாமல் எழுந்து வந்தாள். திரும்பும்போது காவலர் பாட்டிலைக் கொடுத்து, வழியில் அடுப்புப் பக்கம் போய்விடாதீர்கள் என்று எச்சரித்து அனுப்பினார். அந்தக் கட்டிடத்தில் உண்மை பேசியவர் அவர் ஒருவர்தான்.

பதினான்காவது மாதம் ஆலோசகர் தேர்வானார். அவருடைய நிறுவனம் அதுவரை பறவைப் படம் போட்ட நாட்காட்டிகள் மட்டுமே வெளியிட்டிருந்தது. எந்த டாங்கையும் பார்த்ததில்லை, எனவே எந்த முன்முடிவும் இல்லை. அவர் மேல் ஒரு குறையும் சொல்ல வழியில்லாமல் போனது என்று குழு ஒருமனதாக எழுதியது. நியமன ஆணையோடு குழுவின் வேலை முடிந்ததால் குழுவைக் கலைத்தார்கள். அதன் ஆவணங்களை அரக்கு முத்திரை வைத்துப் பூட்டினார்கள்.

ஆலோசகர் வெள்ளைக் காலணி போட்டுக்கொண்டு டிப்போவுக்கு வந்தார். டாங்கின் மூடியை நாலு பக்கமும் நின்று படம் எடுத்தார். திறந்து காட்டட்டுமா என்று கோல்காரர் கேட்டதற்கு, வாடை தலைவலி தரும் என்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மேலாளர் அறைக்குப் போய்விட்டார். பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் நூற்று நாற்பத்திரண்டு, நூற்று நாற்பத்திரண்டு. அவர் முகம் மலர்ந்தது.

"பதினாலு மாசமா ஒரு கோடு கூட இறங்கலையே. பிரமாதம். இவ்வளவு நல்ல டாங்கை நான் பார்த்ததே இல்லை."

"அது நான் தினமும் ஊத்தினதால சார்."

"நீங்க ஊத்தினது இந்தப் பதிவேட்டுல எங்க இருக்கு?"

"அது பேணுதல் பதிவேட்டுல இருக்கு சார்."

"அது எங்க?"

கோல்காரர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் கூரையைப் பார்த்தார். அது குழுவின் ஆவணம், முத்திரை வைத்தாகிவிட்டது, பிரிக்க வேண்டுமென்றால் குழுதான் பிரிக்க வேண்டும், குழு இப்போது இல்லை என்று கூரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தார். ஆலோசகர் பேனாவைத் திறந்தார். இந்த எழுத்து யாருடையது என்று கேட்டார். கோல்காரர் தன்னுடையதுதான் என்று ஒப்புக்கொண்டார். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று பாராட்டினார் ஆலோசகர்.

டாங்க் கசியவில்லை என்று கெட்டி அட்டை போட்ட அறிக்கை வந்தது. அதற்கு ஆதாரமாகக் கோல்காரரின் பதிவேட்டையே பின்னிணைப்பாகச் சேர்த்திருந்தார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு சிபாரிசும் இருந்தது. டாங்க் கசியாதபோது பக்கத்து வீட்டுக் கிணற்றில் எரிபொருள் இருந்தால், அதை அந்த வீட்டுக்காரர்தான் சேர்த்து வைத்திருக்க வேண்டும். உரிமம் இல்லாமல் திறந்த கிணற்றில் எரிபொருள் சேமித்தது ஏன் என்று கேட்டு அக்காவுக்கு நோட்டீஸ் வந்தது. பதில் சொல்ல ஏழு நாள்.

நோட்டீஸைப் படித்த கையோடு கோல்காரர் டிப்போவுக்குப் போனார். பித்தளைக் கோலையும் பசையையும் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு, தெருவைச் சுற்றி அக்கா வீட்டுக்கு வந்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் அவர் அப்படி நடந்துகொண்டது அதுதான் முதல் தடவை. கோல் நெடுகப் பசையைத் தடவிக் கிணற்றுக்குள் இறக்கி, பாதி மூழ்கியதும் மெல்ல மேலே எடுத்தார். அடிப்பகுதி செக்கச்செவேல் என்றிருந்தது, அது தண்ணீர். அதற்கு மேலே நனைந்தும் நிறம் மாறாத பட்டை, அது டீசல். கோடுகளை எண்ணினார். ஒன்பது. பதிவேட்டை எடுத்து, டாங்க் என்று எழுத வேண்டிய இடத்தில் 'அக்கா வீட்டுக் கிணறு' என்று எழுதினார். மட்டம் ஒன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அக்கா அவர் தோளில் சாய்ந்து நின்று, எழுதுவதைப் பார்த்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்கு அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

வாரியத்தின் பதிவேட்டில் ஏறிவிட்டதை இல்லை என்று சொல்ல முடியாது. தலைமை அலுவலகம் மூன்றே நாளில் அசைந்து கொடுத்தது. நோட்டீஸை நிறுத்தி வைத்தார்கள். கிணற்றில் எரிபொருள் இருப்பதை வாரியம் முதல்முறையாக ஏற்றுக்கொள்வதாகக் கடிதம் வந்தது. கோல்காரர் அதை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக அக்கா வீட்டுக்கு வந்தார். முற்றத்தில் நின்றபடி சத்தமாக வாசித்தார். எரிபொருளை அகற்றுவதற்குச் சுற்றுச்சூழல் ஆலோசகர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கப் புதிய குழு அமைக்கப்படுகிறது என்று முதல் பத்தியில் இருந்தது. இரண்டாம் பத்தியின் நடுவில் அவர் குரல் இறங்கிப்போனது. தேர்வு முடியும்வரை கிணற்றில் எரிபொருள் மட்டம் ஒன்பதுக்குக் குறையாமல் பேணப்பட வேண்டும், பொறுப்பு கோல்காரர்.

வாசலில் லாரி வந்து நின்றது. லாரிக்காரர் குழாயை இறக்கி, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

அக்கா கடிதத்தை வாங்கி ஒருமுறை பார்த்தாள். கோபம் வரும் என்று கோல்காரர் எதிர்பார்த்தார். வரவில்லை. சின்ன வயதில் அவருக்குக் கணக்கு தப்பாகும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்பாளே, அந்தக் குரலில்தான் கேட்டாள்.

"ஏன்டா தம்பி, ஒண்ணுன்னு எழுதியிருக்கக் கூடாதா? கொஞ்சமாவது குறைச்சு ஊத்தியிருப்பாங்களே."